சிஸ்டம் பழசாகிவிட்டது: எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டில் இருந்தது 2014-ல் வாங்கிய சிஸ்டம்: நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். 2022-ல் ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, சுவிட்சைப் போட்டுட்டுப் போய் வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுட்டு வந்தாலும் இது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. கடையில காட்டினேன், மொத்தமா மாத்திடுங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார். கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். சுவிட்ச் போட்டதிலிருந்து வேர்டு திறக்கும்வரை ஆறு நிமிடம் நாற்பது விநாடி.

அன்று நாங்கள் சிஸ்டத்தை மாற்றவில்லை. ஒரே ஒரு பாகத்தை மாற்றினோம். அதன்பின் அதே வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. சிஸ்டம் இன்னும் மூன்றரை வருடம் ஓடியது. 2025 கடைசியில்தான் வேறு வாங்கினோம், அதுவும் பழையது மெதுவாகிவிட்டது என்பதற்காக அல்ல. அந்த இரண்டு முடிவுகளும் ஏன் சரி என்று விளக்கினாலே புதியவர்களுக்கு வேண்டிய வழி பெரும்பாலும் கிடைத்துவிடும். நாம் "கணினி பழசாகிவிட்டது" என்று சொல்லும்போது பெரும்பாலும் அதற்குள் ஏதோ ஒரு பாகம்தான் தளர்ந்திருக்கும். எது என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்வதுதான் முடிவாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: பிரதி

கணினி மக்கர் செய்கிறது என்று தோன்றிய அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. பழுது பார்ப்பது, விலை விசாரிப்பது எல்லாம் அப்புறம். ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகின்றன. அவற்றின் மேல் படிக்கும் முனை, தலைமுடிக்கும் குறைந்த இடைவெளியில் மிதந்துகொண்டிருக்கிறது. அது பழுதாகும்போது நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் பழுதாவதில்லை. "டிக்... டிக்..." என்று சீரான தட்டல் சத்தம் கேட்கிறதா? அப்படியானால் சோதனை எதுவும் செய்ய வேண்டாம். முக்கியமான கோப்புகளை உடனே எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மிச்சமிருப்பது குறையும்.

எங்கே பிரதி எடுப்பது? வெளியே இணைக்கும் ஒரு டிஸ்க் போதும். அதோடு மிக முக்கியமானவற்றை மட்டும் (பத்திரங்கள், சான்றிதழ்கள், திரும்ப எடுக்க முடியாத படங்கள்) கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிலும் வைத்துவிடுங்கள். பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். ஒரு விஷயம் பலரைத் தடுமாற வைக்கும்: பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. கல்யாண வீடியோவை நகலெடுக்கும்போது பாதியில் பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும். ஃபார்மேட் செய்யும் முன் அதிலிருப்பதை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"மை டாக்குமென்ட்ஸ்" கோப்புறையை நகலெடுத்துவிட்டு எல்லாம் ஆயிற்று என்று நினைப்பவர்கள் அதிகம். நம் வீடுகளில் பாதிக் கோப்புகள் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும்தான் கிடக்கின்றன. கடை வைத்திருப்பவர்கள் டேலி தரவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று அந்த மென்பொருளையே திறந்து பாருங்கள். சிலருக்கு அது சி டிரைவில் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு மூலையில் இருக்கும்.

நகலெடுத்த பின் அந்த டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் பிரதி எடுத்ததாகக் கணக்கு.

எது தளர்ந்திருக்கிறது?

இந்தப் பகுதியில் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் பணம் மிச்சமாவதே இங்கேதான்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்று சதவீதம் காட்டும். கணினி திணறும் நேரத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பத்து நிமிடம் பாருங்கள். டீச்சர் வீட்டில் அன்று டிஸ்க் 100-லேயே நின்றது, சிபியு 15-ஐத் தாண்டவில்லை. அதாவது மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது, கை எடுத்துக் கொடுக்கத் தாமதமாகிறது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டோம். அதில் சுற்றும் பாகமே கிடையாது, எல்லாம் சிப். ஹார்டு டிஸ்க் ஒரு விநாடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறுக்கு மேல் படிக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளை எடுப்பதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பல மடங்கு. விண்டோஸ் தொடங்கும்போது நடப்பது அந்த வேலைதான். ஹார்டு டிஸ்க்கில் ஓடும் எந்த சிஸ்டத்தையும், எஸ்எஸ்டி போட்டுப் பார்க்காமல் கழிக்கக் கூடாது என்பது என் கருத்து. விதிவிலக்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

மெமரி 85, 90-க்கு மேலேயே நிற்கிறது, பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே இழுக்கிறது என்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி இருந்தால் 8 ஆக்கலாம். ஆனால் கணினி எந்த வகை ரேம் எடுக்கும் என்று பார்க்க வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பிளவு இருக்கும் இடமே வேறு, அழுத்தினால் உடையும். 2025 கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. அதனால் பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

சிபியு எப்போதும் 90-க்கு மேலே இருக்கிறதா? முதலில் எந்த நிரல் அதைத் தின்கிறது என்று பட்டியலில் பாருங்கள். ஒரு கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு வைத்திருப்பார்கள். ஒன்றை நீக்கினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். தெரியாத பெயரில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தால் வைரஸ் சோதனை செய்யுங்கள். இதெல்லாம் செய்தும், ஒரு யூடியூப் வீடியோ ஓட்டவே சிபியு முழுதாகத் திணறுகிறது என்றால் அப்போது அது உண்மையாகவே வயதானதுதான்.

திடீர் திடீரென்று அணைந்துபோவது வேறு கதை. மெதுவாவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெப்பம் ஒரு காரணம்: கேபினட்டைத் திறந்து பாருங்கள், சிபியு விசிறிக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டி எடுக்கலாம். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள், சுற்ற விடாதீர்கள். பல வருடம் ஆகியிருந்தால் சிபியுவுக்கும் அதன் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்குக்கும் நடுவே பூசியிருக்கும் பசை காய்ந்திருக்கும். அதைப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். இரண்டாவது காரணம் மின்சாரம். கரண்ட் போன நொடியே கணினியும் போகிறது என்றால் குற்றவாளி யுபிஎஸ் பேட்டரி. அந்த 12 வோல்ட் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். கரண்ட் இருக்கும்போதே அணைந்தால் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) மீது சந்தேகம் வைக்கலாம். இரண்டும் தனியாக மாற்றக்கூடியவை. ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, இணையதளங்கள் "பாதுகாப்பற்றது" என்று அடம்பிடிக்கின்றன என்று ஒருவர் சிஸ்டத்தையே விற்கக் கிளம்பினார். மதர்போர்டில் நாணயம் போல ஒரு செல் இருக்கும், சிஆர்2032 என்று பெயர், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. தேதி பழையதாக இருந்தால் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வராதது போலத் தோன்றும். பிரவுசர் மறுப்பதற்கு அதுதான் காரணம்.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. நீலத்தில் "குட்" என்று காட்டினால் நல்லது. மஞ்சளில் "காஷன்" என்று காட்டினால் அந்த டிஸ்க்கில் இனி எதையும் நம்பி வைக்காதீர்கள், கணினி வேகமாக ஓடினாலும் சரி.

மாற்றித்தான் ஆக வேண்டிய கட்டம்

சரி, எப்போது மாற்றுவது? வயதை வைத்து நான் சொல்வதில்லை. மூன்று சூழ்நிலைகளில் ஒன்று வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

முதலாவது, மதர்போர்டு போவது. இதுதான் மேலே சொன்ன விதிவிலக்கு. பத்து வருடப் பழைய மதர்போர்டுக்குப் புதிய மாற்று கிடைக்காது. புதிய போர்டு வாங்கினால் பழைய சிபியு அதில் உட்காராது, டிடிஆர்3 ரேம் பொருந்தாது. போர்டு, சிபியு, ரேம் மூன்றும் ஒரே சங்கிலி. ஒன்றைத் தொட்டால் மூன்றையும் மாற்ற வேண்டும், மாற்றினால் அது புது சிஸ்டம்தான். "எங்கிருந்தாவது பழைய போர்டு ஒன்று பிடித்துப் போட்டுத் தருகிறேன்" என்று சர்வீஸ்காரர் சொல்லலாம். அந்தப் போர்டுக்கும் அதே வயதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோவது. டீச்சரின் சிஸ்டம் இதில்தான் விழுந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துக்கொண்டது. முடிந்த மறுநாள் கணினி நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். சில வருடங்களில் பிரவுசர்களும் கைவிடும். விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றது இப்படித்தான். வங்கிக் கணக்கு, வருமான வரி, பென்ஷன் வேலை எல்லாம் பார்க்கும் கணினியை அந்த நிலையில் வைத்திருக்க எனக்கு மனம் வராது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு கூடுதல் பாதுகாப்பு அறிவித்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் பணம் கிடையாது. நிதானமாகப் பார்த்து வாங்க இதை ஒரு அவகாசமாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணினிக்கு விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்க "பிசி ஹெல்த் செக்" என்ற மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவி சொல்லிவிடும். பொதுவாக இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் வேண்டும். சில சமயம் டிபிஎம் கணினியிலேயே இருக்கும், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைத்திருப்பார்கள். அதைப் போட்டாலே போதும். "எப்படியாவது ஏற்றித் தருகிறேன்" என்று குறுக்கு வழியில் பழைய கணினியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. எதற்காக மாற்றுகிறோமோ அதுவே இல்லாமல் போகும்.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது: லினக்ஸ். பிரவுசர், மின்னஞ்சல், கடிதம் அடிப்பது, படம் பார்ப்பது இவ்வளவுதான் உங்கள் பயன்பாடு என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். இலவசம், பத்து வருடக் கணினியிலும் நன்றாக ஓடும், லிப்ரேஆஃபிஸ் அதோடு வரும், தமிழ் விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். டேலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய பிரின்டர் இவற்றில் ஏதாவது உங்கள் பிழைப்பாக இருந்தால் மட்டும், அது லினக்ஸில் ஓடுமா என்று உறுதி செய்துகொள்ளாமல் இறங்க வேண்டாம்.

மூன்றாவது சூழ்நிலை, கணக்கு இடிப்பது. பழுது பார்க்கும் செலவு, அதைவிட நல்ல ரீஃபர்பிஷ்டு (ஏற்கெனவே பயன்படுத்தி, சரிபார்த்து மறுபடி விற்கும்) சிஸ்டம் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். இதை ஒரு விதி என்று சொல்ல மாட்டேன், என் கைக்கணக்கு அவ்வளவுதான். ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக சர்வீஸுக்குப் போகிறது என்றாலும் அதே கணக்குத்தான்.

எதை வாங்குவது

முதலில் இந்தக் கணினியில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். "பையன் கல்லூரிக்குப் போகப் போகிறான், அதற்கும் ஆகட்டும்" என்று அதிக விலையில் வாங்குவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பையன் கல்லூரிக்குப் போகும்போது எடுத்துப்போக லேப்டாப்தான் கேட்பான். இன்றைய தேவைக்கு வாங்குங்கள்.

கடையில் "ஐ7 சார்" என்று சொன்னால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ5-8500 என்றால் கோட்டுக்குப் பின் வரும் 8 தலைமுறையைக் குறிக்கிறது, ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2013-ல் வந்த ஐ7-4770-ஐ, 2022-ல் வந்த ஐ3-12100 தாராளமாக முந்தும். ஐ7 என்ற ஒட்டுவில்லையை மட்டும் பார்த்து நான்காம் தலைமுறைக் கணினியை வாங்கினால், விண்டோஸ் 11-ம் ஏறாமல் அதே குழியில் மறுபடி விழுவோம்.

வீட்டு உபயோகத்துக்கு 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம், முடிந்தால் 16. எஸ்எஸ்டி 512 ஜிபி. ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் போட்ட கணினியை இனி வாங்கவே வேண்டாம். லேப்டாப் என்றால் ரேம் போர்டோடு ஒட்டியிருக்கிறதா, பின்னால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். ஒட்டியிருந்தால் வாங்கும்போதே 16 எடுப்பது நல்லது. பிடுங்கி எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லாத வீட்டுக்கு டெஸ்க்டாப்தான் என் தேர்வு. ஒரு பாகம் போனால் ஒரு பாகத்தை மாற்றலாம். பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் நன்றாக இருந்தால் அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் வாங்குங்கள். ஆனால் பழைய மானிட்டரில் நீல நிற விஜிஏ துளை மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய கணினியில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் நடுவே ஒரு மாற்றி தேவைப்படும்.

ரீஃபர்பிஷ்டு சிஸ்டத்தைப் பற்றிப் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றும் கணினிகள் இப்படிச் சந்தைக்கு வருகின்றன. குளிரூட்டிய அறையில், நல்ல மின் இணைப்பில் ஓடியவை என்பதால் பலவும் நல்ல நிலையிலேயே இருக்கும். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். டீச்சருக்கும் இப்படி ஒரு ஐ5-8500 பெட்டிதான் வாங்கினோம், ஆறு கோர், 16 ஜிபி ரேம். கடையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். விண்டோஸ் "ஆக்டிவேட்" ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார்த்தேன். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் பென் டிரைவில் கொண்டு போயிருந்தேன். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அது காட்டியது. எல்லா யுஎஸ்பி துளையிலும் ஒரு பென் டிரைவைச் செருகி எடுத்தேன். இரண்டாவது பெட்டியில்தான் எல்லாம் சரியாக இருந்தது. முதல் பெட்டியில் முன்பக்க யுஎஸ்பி ஒன்று வேலை செய்யவில்லை, கடைக்காரரே முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், குறைவது வரி மட்டும் அல்ல, வாரண்டியும் சேர்ந்துதான். பில்லில் மாடல், சீரியல் எண், வாரண்டிக் காலம் மூன்றும் இருக்கிறதா என்று கடையில் நின்றுகொண்டே படியுங்கள்.

குடிபெயர்வது

புதுச் சிஸ்டம் வந்த அன்றே பழையதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதமாவது இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். எதை மறந்தோம் என்று அதற்குள் தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் தவிப்பது எழுத்துருவில்தான். டீச்சர் இருபது வருடமாகச் சேர்த்து வைத்த வினாத்தாள்கள், இலக்கணக் குறிப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஒன்றும் புரியாத கோலம். திரையைப் பார்த்து, "எல்லாம் போச்சா தம்பி?" என்று கேட்டார். ஒன்றும் போகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகின்றன. கோப்புக்குள் இருப்பது ஆங்கிலக் குறிதான், எழுத்துரு இல்லாவிட்டால் அந்தக் குறி அப்படியே தெரியும். அதனால் பழைய கணினியின் சி டிரைவில், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையிலிருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்களை எல்லாம் முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். புதியதில் நிறுவியதும் கோப்புகள் உயிர் பெற்றுவிடும்.

ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்க டாம், டாப் என்று தரங்கள் வந்தன. பிறகு 2010-ல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றது. இன்று கைப்பேசி முதல் இணையம் வரை எல்லாம் ஒருங்குறிதான். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய முறைகள் எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றித் தரும். டீச்சர் தினம் பத்துக் கோப்பு என்று கணக்கு வைத்து மாற்றினார். மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது அவசியம், நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழாக மாறி நிற்கும். தட்டச்சுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ் 11-ன் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் கிடைக்கும். இன்னொன்று: விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டும்தான் வருகிறது, மிகப் பழைய 16-பிட் நிரல்கள் அதில் ஓடாது. விண்டோஸ் 98 காலத்துத் தமிழ் மென்பொருளை இன்னும் வைத்திருந்தால், அதில் உள்ள கோப்புகளைப் பழைய கணினியிலேயே மாற்றிவிட்டு வாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் கணக்கில் ஒத்திசைந்திருக்கின்றனவா என்று பழையதில் பார்த்துவிடுங்கள். பிரின்டருக்கு 64-பிட் விண்டோஸுக்கான டிரைவர் இருக்கிறதா என்று, வாங்கும் முன்பே அந்தப் பிரின்டர் நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். உரிமம் வாங்கிய மென்பொருளை, பழைய கணினியிலிருந்து விடுவிக்க வேண்டுமென்றால் விடுவித்த பிறகே புதியதில் போடுங்கள்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டியில் போட்டு வெளி டிஸ்க்காகவும் பயன்படுத்தலாம். லேப்டாப்பின் சின்ன டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும், டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டரோடு வரும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும் புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவும் டிஸ்க்கைத் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. அந்தப் பூட்டுக்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. பயாஸில் எதையாவது மாற்றினாலோ, போர்டு பழுதானாலோ கணினி அதைக் கேட்கும். சாவி இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளை யாராலும் மீட்க முடியாது. அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அமைத்த அன்றே எடுத்து ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கடைக்காரர் போட்டுத் தந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

பழையதை என்ன செய்வது

கொடுப்பதாக இருந்தாலும் விற்பதாக இருந்தாலும் முதலில் டிஸ்க். "ஃபார்மேட் அடித்துவிட்டேன்" என்பது போதாது. விரைவு ஃபார்மேட் அழிப்பது அட்டவணையை மட்டும்தான், கோப்புகள் அப்படியே இருக்கும், மீட்கும் கருவிகள் எடுத்துவிடும். கணினியை அப்படியே ஒருவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் விண்டோஸின் "ரீசெட் திஸ் பிசி"யில் எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்து, டிரைவைச் சுத்தம் செய்யும் விருப்பத்தையும் போட்டுவிடுங்கள். பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். பழைய இரும்புக்குப் போகிறது என்றால் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாலு திருகுதான்.

எஸ்எஸ்டி போட்ட, நன்றாக ஓடும் பழைய சிஸ்டத்தை லினக்ஸோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது நல்ல வழி. ஓடாததைக் காயலான் கடையில் போட எனக்கு மனமில்லை. போர்டின் பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம், பழைய மானிட்டர் விளக்கில் பாதரசம் இருக்கும். செம்புக்காக ஒயர்களை எரிக்கும் இடங்களில் அந்தப் புகையைச் சுவாசிப்பது அங்கே வேலை செய்கிறவர்களும் பக்கத்தில் குடியிருப்பவர்களும்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, தயாரிப்பு நிறுவனங்களுக்கு மறுசுழற்சிப் பொறுப்பு உண்டு. உங்கள் கணினியின் நிறுவனத் தளத்தில் மின்கழிவு என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் எடுத்துக்கொள்ளும் வழி கொடுத்திருப்பார்கள். அசெம்பிள்டு என்றால் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டீச்சரின் பழைய பெட்டி லினக்ஸோடு, அவர் மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்காக வராந்தாவில் இருக்கிறது. 2022-ல் நாங்கள் கழற்றிய 500 ஜிபி டிஸ்க் துணியில் சுற்றி பீரோவில் இருக்கிறது. அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளில், வினாத்தாள்கள், பாமினி, பிரதி எடுத்தாயிற்று என்று அவர் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.